அசல் வண்டியும் அம்பிளாந்துறை ஓடாவியும்

சென்ற மாதம் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று மணிநேரம் கோபத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரின் மைத்துனர் கனடாவிலிருந்து வந்திருந்தார். பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன்களின் சிற்றுருவங்களைச் சேகரிப்பவர். மேசையில் 1:43 அளவில் போட் கன்றி ஸ்குவயர், செவ்ரோலெட் நோமட், 1950இல் டிங்கி நிறுவனம் வெளியிட்ட பிளிமத் என்று வரிசையாக நின்றன. பிளிமத்தின் பக்கப் பலகையில் உள்ள மண்ணிறம் தொழிற்சாலையில் தீட்டப்பட்டதா, பின்னர் யாரோ பூசியதா என்பதிலேயே அரைமணி நேரம் கழிந்தது.

சிற்றுருவங்கள் மீது எனக்குப் பகையில்லை. சிறுவயதில் ஒரு மட்ச்பொக்ஸ் காரை வாவிச் சேற்றில் தொலைத்துவிட்டு இரண்டு நாள் சோறு தின்னாதவன் நான். முற்றத்தில் மாமரத்தின் கீழ் நின்ற மொறிஸ் மைனர் ட்ரவலரின் பக்கம் பேச்சுத் திரும்பியபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்க ஸ்டேஷன் வேகனின் ஆங்கிலேயச் சின்னத் தம்பி என்று ட்ரவலரைச் சொல்லலாம். 1953 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டது. பின்பாதி முழுவதும் ஆஷ் மரச் சட்டகம். பலர் நினைப்பதுபோல் அந்த மரம் அலங்காரமன்று; உடலைத் தாங்கும் எலும்பு. மரம் உக்கினால் வண்டி வீதிக்கு உதவாது. வாவியின் உப்புக் காற்றில் இந்த வண்டியின் மரமும் உக்கிற்று. 1980களின் தொடக்கத்தில் அம்பிளாந்துறையைச் சேர்ந்த ஓடாவி ஒருவர், தோணி கட்டிப் பழகிய கையால், முதிரை மரத்தில் புதுச் சட்டகம் செய்து கழுந்தும் துளையுமாகப் பொருத்திக் கொடுத்தார். இன்றுவரை அது அசையவில்லை.

கனடா அன்பர் விரலால் தட்டிப் பார்த்தார். “மச்சான், இது அசல் இல்லை. எல்லாத்தையும் கழற்றி எறிஞ்சிட்டு இங்கிலாந்திலயிருந்து ஆஷ் மரம் எடுப்பிச்சுப் போடவேணும். அப்பதான் இதுக்கு மதிப்பு” என்றார். அப்படிச் செய்வதானால் நல்ல விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

அன்பரே, உங்கள் மேசையில் இருப்பவற்றின் கதை என்ன? அமெரிக்காவில் புகையிரத நிலையத்திலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிச்செல்ல, அடிச்சட்டத்தின் மேல் மர உடல் கட்டியதில் பிறந்தது ஸ்டேஷன் வேகன். 1946இல் வில்லிஸ் நிறுவனம் முழு இரும்பு உடலில் ஒன்றை வெளியிட்டது. மரம்போலத் தோன்ற வர்ணம் தீட்டியது. 1949இல் பிளிமத்தும் இரும்புக்கு மாறியது. உண்மை மரம் தாங்கிய கடைசி அமெரிக்க வேகன் 1953ஆம் ஆண்டு பியூக். அதன் பின் பல பத்தாண்டுகள், நீங்கள் கொண்டாடும் கன்றி ஸ்குவயர் உட்பட, ஓடியவை மரப்படம் ஒட்டிய தகர வண்டிகள். மரப்படம் ஒட்டிய தகரம் உங்களுக்கு அசல். நாற்பது ஆண்டுகளாக ஒரு வண்டியைத் தாங்கிநிற்கும் முதிரை போலியோ?

‘அசல்’ என்ற சொல்லில்தான் மோசடி இருக்கிறது. வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளோடு அதன் வரலாறு முடிந்துவிட்டது, பிறகு நடந்ததெல்லாம் அழுக்கு என்பது அதன் பொருள். நம்முடைய நாட்டிலோ வண்டியின் வரலாறு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகியதும், இருந்த மொறிஸையும் ஒஸ்ரினையும் கராஜ்காரரும் ஓடாவியும் உயிரோடு வைத்திருந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் பெற்றோலைக் காட்டி உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காலியில் செய்த மொறிஸ் மைனர் பாகங்களை இங்கிலாந்தின் பாத் நகரத்து ஆர்வலர்களே 1990களில் வாங்கிப் பூட்டினார்கள். வெள்ளைக்காரனுக்கு இல்லாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்தது?

இந்த ட்ரவலரின் இலக்கத்தகட்டைக் கூர்ந்து பார்த்தால் கறுப்பு வர்ணத்தின் அடியில் இன்னோர் எழுத்தின் மேடு தெரியும். 1957இல் சிங்கள ஸ்ரீயுடன் புதிய இலக்கத்தகடு வந்தபோது, தமிழரசுக் கட்சியின் எதிர்ப்பியக்கத்தை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் பலர் தமிழ் ஸ்ரீயைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். முதற் சொந்தக்காரரும் எழுதியிருக்கிறார். பின்னர் யாரோ பயத்தில் அழித்திருக்கிறார்கள். “தகடும் புதிசா அடிப்பிக்கலாம்” என்றார் அன்பர்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பிறகு, இதன் பின்கதவைத் திறந்துவைத்து, காயப்பட்ட ஒருவரைப் பாயில் கிடத்தி, மண்முனைத் துறையில் பாதையில் ஏற்றி எழுவான்கரைக்குக் கொண்டுவந்தார்கள். (மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது, ‘பாதை’ என்றால் மட்டக்களப்பில் வாகனமும் ஆளும் ஏற்றும் மிதவை என்பதைப் பிற ஊர் வாசகருக்குச் சொல்லவேண்டும்.) அப்போது நான் செய்தித்தொழிலுக்குப் புதியவன். அந்த மனிதரின் கால்மாட்டில் குந்தியிருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் நான் பற்றிப் பிடித்தது அந்த முதிரைச் சட்டத்தைத்தான். பலகையில் ஒரு கறை இன்னும் இருக்கிறது. அதைத்தான் கழற்றி எறியச் சொல்கிறார்.

வீட்டுக்காரரை நான் குறைசொல்லமாட்டேன். மகளின் கலியாணம் நெருங்குகிறது. 2020இல் இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் யாரையும் சபலப்படுத்தும். 2025இல் தடை நீங்கிய பிறகும் புது வண்டி எட்டாக் கனிதான். விற்கட்டும். ஆனால் வாங்குகிறவர் சட்டகத்தைத் தொடக்கூடாது, தகட்டைத் தொடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு விற்கட்டும். இதை அவரிடமே சொன்னேன். அவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் பிளிமத்தைப் பஞ்சில் சுற்றினார்.

எழும்பு முன் வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். ஏழு சொந்தக்காரர்கள். பெயர்களையும் கைமாறிய திகதிகளையும் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஓடாவியின் பெயர் அதில் இல்லை. வீட்டுக்காரரின் தாயாருக்கு நினைவிருந்தது. எட்டாவதாக அதையும் எழுதினேன்.