கோடை வேலைக் குறிப்புகள் - 3: ஐந்தாவது எழுத்து



அப்பிடி என்ன வேலை எண்டு கேட்டிருந்தீங்கள். மிசிசாகாவில வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளையளை மேல்படிப்புக்குத் தயார்ப்படுத்துறது. கணக்குச் சொல்லிக் குடுக்கிறதைவிட படிவம் வாசிக்கக் காட்டிக் குடுக்கிறதுதான் கூட :-)

ஒன்ராறியோவில கிரேட் 11, 12 பாடக் குறியீடுகளின்ர ஐந்தாவது எழுத்தைப் பாருங்கோ. 'யூ' எண்டால் பல்கலைக்கழகத்துக்கு, 'சி' எண்டால் கல்லூரிக்கு, 'எம்' எண்டால் ரெண்டுக்கும். (இங்க கல்லூரி வேற, பல்கலைக்கழகம் வேற.) பல்கலைக்கழகம் போக கிரேட் 12இல 'யூ' அல்லது 'எம்' பாடங்கள் ஆறு வேணும். இரவு பகலா ரெண்டு வேலை செய்யிற அம்மாவுக்கு இதை ஆர் சொல்லுறது?

என்னட்ட வாற ஒரு பிள்ளைக்கு நேர்ஸ் ஆகவேணும். செப்ரெம்பரில கிரேட் 11. தெரிவு செய்திருந்தது 'சி' ஆங்கிலம், சிநேகிதிகள் அதில எண்டு. 'ஆர்.என்.' தரத்து நேர்ஸுக்கு இங்க 2005இலிருந்து பட்டம் வேணும். 'சி'யில போனால் அடுத்த வருசம் 'யூ' ஆங்கிலத்துக்குள்ள நேரா நுழையேலாது. பள்ளி திறக்க முதல் மாத்தவேணும். ஆலோசகருக்குக் கடிதம் அவளே எழுதினாள். பதில் இன்னும் வரேல்லை.

2001இல ரொறன்ரோ ரீஜன்ற் பார்க்கில தொடங்கின 'பாத்வேய்ஸ் ரு எடுகேஷன்' பாட உதவியோட பஸ் ரிக்கற்றும் குடுத்தது. மூளை குறைஞ்சு நிண்டவையை விட, இப்பிடிச் சின்னச் சின்னதுகள் கிடைக்காமல் நிண்டவைதான் கூட எண்டு விளங்கினவை.

உங்கட சொந்தத்தில கிரேட் 10 பிள்ளை இருந்தால், இண்டைக்கே அந்த எழுத்தைப் பாக்கச் சொல்லுங்கோ.