கூடிய சம்பளம் எங்கே போகிறது?



தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக்குப் போயிருந்தேன். உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி. இளைஞர்கள் நாட்கணக்கில் இருந்து கட்டிய பட்டங்கள் வானில் நின்றன. வென்றவனுக்குப் பரிசு, தோற்றவன் வீட்டிலும் அன்று அடுப்பு எரிந்தது. நம் லயங்களில் சூதாடித் தோற்றவன் வீட்டில் அப்படியில்லை.

போன தவணையில் என் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்று நாள் வரவில்லை. தகப்பன் கைபேசியில் கிரிக்கெட் பந்தயம் கட்டிச் சம்பளத்தை விட்டிருந்தார். தாயின் தோடு அடகில். கொப்பி இல்லாமல் வர வெட்கப்பட்டுப் பிள்ளை லயத்திலேயே இருந்துவிட்டது.

பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. லொத்தர் சீட்டு ஒன்று 40 ரூபாய். நாளுக்கு இரண்டு எடுத்தால் மாதம் 2,400. அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் கொழுந்து. 1963 முதல் தேசிய லொத்தர் சபையை நடத்துவது அரசுதான். அதனால் அது வீட்டுக்குக் கேடில்லை என்றாகிவிடாது.

ஏசினால் எவரும் திருந்தமாட்டார். விட்டதைப் பிடிக்கலாம் என்ற எண்ணமே நோய். கடனை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். சூதாடுபவருக்குக் கைமாற்று கொடுக்காதீர்கள். அரிசி, மா வாங்கிக் கொடுங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது. தோட்டத் தலைவர்மார் மாதக் கூட்டத்தில் இதையும் பேச வேண்டும்.

கம்பனியிடம் போராடி வாங்கிய காசு புக்கிக்காரனுக்கு அல்ல, நம் பிள்ளைகளுக்கு.