பழைய ரைஃபிள் ரிப்பேர் ஆனால் யார் பொறுப்பு? அமெரிக்காவில் வாரண்டி முதல் கையோடு நின்றுபோவது ஏன்?

அமெரிக்காவில் வேட்டை ரைஃபிள் என்பது வீட்டுக் கடிகாரம் மாதிரி. ஒழுங்காக எண்ணெய் போட்டு வைத்தால் ஐம்பது வருடம்கூட ஓடும். தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும், அடகுக் கடைக்கு வரும், துப்பாக்கிக் கண்காட்சியில் மூன்றாவது ஆளிடம் கை மாறும். அந்த மூன்றாவது ஆள் வாங்கிய பிறகு பழுதானால், தயாரித்த கம்பெனி சரி பண்ணித் தருமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 1975-ல் வந்த மேக்னசன்-மோஸ் வாரண்டி சட்டம், எந்தக் கம்பெனியையும் வாரண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், எழுத்தில் கொடுத்தால் அது 'முழு' வாரண்டியா, 'வரம்புக்குட்பட்ட' வாரண்டியா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முழு வாரண்டி என்றால், அந்தக் காலத்துக்குள் பொருள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் உரிமை உண்டு. வரம்புக்குட்பட்டது என்றால், முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று நிறுத்திக்கொள்ளலாம். துப்பாக்கிக் கம்பெனிகள் பலவும் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. 'வாழ்நாள் வாரண்டி' என்று விளம்பரத்தில் இருந்தாலும், யாருடைய வாழ்நாள் என்பது பொடி எழுத்தில்தான் இருக்கும்.

ரூகர் கம்பெனி இன்னொரு வழியில் போகிறது. இதே சட்டத்தைக் காரணம் காட்டி, எழுத்து வாரண்டியே கிடையாது என்று கையேட்டிலேயே சொல்லிவிடுகிறது. விநோதம் என்னவென்றால், பழுதான துப்பாக்கியை அனுப்பினால் எத்தனையாவது கை என்று பெரிதாகக் கேட்காமல் சரி பண்ணித் தரும் என்று நல்ல பெயர் வாங்கியிருப்பதும் அதே ரூகர்தான். ஆனால் அது கம்பெனியின் நல்ல மனசு. நாளைக்கு மாட்டோம் என்று சொன்னால், வாங்கியவர் கையில் நீட்டிக் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

துப்பாக்கியை அனுப்புவதுதான் பெரிய தலைவலி என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அது சுலபம். 1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமையாளரே உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்பலாம். பழுது பார்த்த பின் கம்பெனியும் அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். நடுவில் டீலர் தேவையில்லை.

கைப்பிடி உடைந்தால் பரவாயில்லை. டிரிக்கர் என்றால்?

ரெமிங்டன் 700, 1962-ல் சந்தைக்கு வந்த ரைஃபிள். அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் மிகப் பிரபலம். டிரிக்கரைத் தொடாமலேயே, சேஃப்டியைத் தள்ளும்போதோ போல்ட்டை அசைக்கும்போதோ இது வெடிக்கிறது என்று பல ஆண்டுகளாகப் புகார். 2000-ல் மொன்டானா மாநிலத்தில் வேட்டை முடிந்து, தோட்டாவை வெளியே எடுக்கச் சேஃப்டியைத் தள்ளிய நேரத்தில் இந்த ரைஃபிள் வெடித்து 9 வயதுச் சிறுவன் இறந்தான். துப்பாக்கி இருந்தது அவன் அம்மா கையில். டிரிக்கரில் குறை இல்லை என்பதுதான் கம்பெனியின் வாதம்.

அரசு ஏன் திரும்பப் பெறச் சொல்லவில்லை? சொல்ல முடியாது. 1972-ல் உருவான நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகார வரம்பில் துப்பாக்கி இல்லை. பொம்மைத் துப்பாக்கியில் கோளாறு என்றால் ஆணையம் நடவடிக்கை எடுக்கலாம், நிஜத் துப்பாக்கி என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கடைசியில் வேலை செய்தது நீதிமன்றம். சுமார் 75 லட்சம் ரெமிங்டன் துப்பாக்கிகள் தொடர்பான கூட்டு வழக்கில், 2017-ல் மிசௌரி மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் சமரசத்தை ஏற்றது. பெரும்பாலான மாடல்களுக்கு டிரிக்கரை இலவசமாக மாற்றித் தர வேண்டும். முக்கியமான விஷயம், அந்த உரிமை 'இப்போதைய உரிமையாளருக்கு'. முதலில் வாங்கிய ரசீது தேவையில்லை.

அப்படியிருந்தும் ஒப்புதல் கிடைத்த சமயத்தில் வந்திருந்த விண்ணப்பங்கள் சுமார் 22,000 மட்டுமே. துப்பாக்கி இப்போது யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதுவும் ஒரு காரணம். தேசிய அளவில் உரிமையாளர் பதிவேடு வைக்க 1986-ம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. நான்கு கை மாறிய ரைஃபிளின் சொந்தக்காரருக்குக் கடிதம் போட முகவரியே கிடையாது. விண்ணப்பிக்கும் கெடு 2020 ஏப்ரலோடு முடிந்தது.

அதே ஆண்டு ரெமிங்டன் இரண்டாவது முறையாகத் திவால் மனு போட்டது. கம்பெனி துண்டு துண்டாக ஏலம் போனது. அதன் கையில் இருந்த மார்லின் பிராண்டை ரூகர் வாங்கியது. ஆனால், தான் தயாரிக்கும் மார்லினுக்கு மட்டும்தான் சர்வீஸ், முந்தைய மார்லின்களுக்குக் கிடையாது என்று ரூகர் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேலே பார்த்த அதே நல்ல மனசு ரூகர்தான்! இரண்டு ரைஃபிளிலும் 'மார்லின்' என்றே பொறித்திருக்கும். வித்தியாசம் சீரியல் எண்ணில். ரூகர் தயாரித்தது 'ஆர்எம்' என்ற எழுத்துகளில் தொடங்கும்.

அதனால் பழைய ரைஃபிள் வாங்குபவர், விலை பேசும் முன்பே சீரியல் எண்ணை வைத்துக் கம்பெனிக்கு ஒரு போன் போடுவது நல்லது. எந்த ஆண்டுத் தயாரிப்பு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது வந்ததா, உதிரி பாகம் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். முந்தைய சொந்தக்காரர் டிரிக்கரில் கை வைத்திருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் கம்பெனி அதையே காரணம் காட்டும்.

பழைய டிரிக்கரோடு இருக்கும் ரெமிங்டன் 700 இன்றைக்கும் அடகுக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கியவர் அதை மாற்ற நினைத்தால் வேறு கம்பெனியின் டிரிக்கரை வாங்கி, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பொருத்த வேண்டும். செலவு அவருடையது.