எது ஒறிஜினல் சாமான்?

எங்கள் நண்பன் ஒருவனின் அம்மப்பாவுடைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்று, பத்து வருசத்துக்கு மேலாக மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. போன விடுமுறையில் அதைத் திருத்தி ஓடவைப்பது என்று நாலு பேர் சேர்ந்து முடிவெடுத்தோம். நாலு பேரும் கலைப்பீடம். ஸ்பனர் பிடித்த அனுபவம் சைக்கிளோடு சரி. ஆனால் கொள்கை மட்டும் பெரிசாக இருந்தது: எல்லாமே ஒறிஜினலாக இருக்கவேணும், மாற்றுச் சாமான் எது இருந்தாலும் கழற்றி எறிவது.

அந்தக் கொள்கை பிழை என்றுதான் இப்போது நினைக்கிறோம். அதுக்காக, "ஒறிஜினல் எல்லாம் சும்மா கதை, ஓடினால் காணும்" என்று சொல்லுற ஆக்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை.

முதலில் வண்டியைப் பற்றி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. பிக்கப்பும் வானும் வந்தது 1953 இல். இதன் முன்சில்லுகளுக்குச் சுருள்வில்லும் இல்லை, இலைவில்லும் இல்லை. நீளவாக்கில் கிடக்கும் உருக்குத் தண்டு ஒன்று முறுகித்தான் பாரத்தைத் தாங்கும். அதுதான் டோர்ஷன் பார். மேலே லீவர் வைத்த சொக் அப்சோபர், அதன் கைதான் சில்லின் மேல்பக்கத்தைப் பிடித்திருக்கும். சில்லோடு சேர்ந்து திரும்பும் கிங்பின்னின் இரண்டு முனையிலும் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரிகளில் மேலொன்றும் கீழொன்றுமாக ட்றனியன் ஏறியிருக்கும்.

இதில் எது கம்பனிச் சாமான் என்று கண்டுபிடிக்கப் படம் பார்த்தால் போதும் என்று நினைத்தோம். உதவிக்கு வந்த வயதான மெக்கானிக் ஐயா எங்களைக் கழட்டவே விடவில்லை. "தம்பியவை, முதல் கழுவுங்கோ. பிறகு பாருங்கோ. கழட்டுறது கடைசி வேலை" என்றார்.

கழுவின பிறகுதான் விளங்கியது. வார்ப்பில் செய்த சாமானில் எழுத்தோ இலக்கமோ புடைத்துத் தெரியும். சொக் அப்சோபரின் உடலில் ஆம்ஸ்றோங் என்ற பெயர் இருக்கும். ஆணிகள் அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பனர் ஓரிடத்தில் கச்சிதமாகப் பொருந்தினால் அந்த ஆணி பிறகு போட்டதாக இருக்கலாம். கிங்பின்னின் புரி ஒரு பக்கம் வலப்புரி, மற்றப் பக்கம் இடப்புரி. அதனால் இடதையும் வலதையும் மாற்றிப் போட ஏலாது. டோர்ஷன் பாரும் ஒரே பக்கத்துக்கு முறுகிப் பழகினது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று பக்கம் மாற்றினால் முறிந்துபோகலாம்.

இடப்பக்கக் கீழ் ட்றனியனில் மட்டும் எழுத்தும் இல்லை, இலக்கமும் இல்லை. மெல்லிசாக வட்ட வட்டமான கோடுகள் இருந்தன. ஐயா விரலால் தடவிப்பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கம்பனிச் சாமான் இல்லை. லேத்தில கடைஞ்சது."

1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகங்களும் இல்லை. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின காலத்தை வீட்டில் எல்லாரும் கதையாகச் சொல்லுவினம். அந்தக் காலத்தில் தேய்ந்த ட்றனியனுக்கு என்ன செய்தார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. யாரோ ஒருவர் பழையதை அளந்து, இடப்புரி வெட்டி, இந்தத் துண்டைச் செய்திருக்கிறார். எங்கள் கொள்கைப்படி அது குப்பைக்குப் போகவேண்டிய சாமான்.

இங்கேதான் இரண்டு கேள்விகளைப் பிரிக்கவேணும் என்கிறோம். இது என்ன சாமான் என்பது ஒரு கேள்வி. இதை வைத்து ஓடலாமா என்பது வேறு கேள்வி. ட்றனியனின் புரி தேய்ந்தால், கிறீஸ் அடிக்காமல் விட்டால், கிங்பின் அதிலிருந்து கழன்று சில்லு மட்கார்ட்டுக்குள் மடிந்து விழும். மைனர்காரருக்குப் பழக்கமான விபத்து அது. கம்பனிச் சாமான் என்பதற்காகப் புரி தேயாமல் இருக்காது. எங்கள் வண்டியில் வலப்பக்கம் இருந்தது அசல் கம்பனிச் சாமான். கூடத் தேய்ந்திருந்ததும் அதுதான். இரண்டையுமே மாற்றினோம்.

புதிதாக வாங்கிப் போட்டவை ஒறிஜினலா? இல்லை. அண்மையில் யாரோ வார்த்தவை. இலங்கையிலேயே மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே பளபளப்பாக நிற்கும் ஒரு காரின் மட்கார்ட் எங்கள் நாட்டில் அடித்ததாகவும் இருக்கலாம். தொழிற்சாலையை விட்டு வந்த நாளோடு ஒரு வண்டியின் கதை முடிந்துவிடுகிறது என்றால், அம்மப்பா ஓட்டின அவ்வளவு வருசமும் வெறும் பழுதுதானா?

சேகரிப்பாளர்கள் ஒறிஜினல் கேட்பதில் நியாயம் இருக்கிறது. காசு கொடுப்பவருக்கு எது கம்பனிச் சாமான், எது பிறகு போட்டது என்று தெரியவேணும். மாற்றுச் சாமானை ஒறிஜினல் என்று விற்பது களவுதான். அதனாலும்தான் சரியாக அடையாளம் காணவேணும் என்கிறோம். எறிவதற்காக இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்வதற்காக.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி நின்றால் ஒன்று செய்யுங்கோ. கழட்டமுதல் படம் எடுங்கோ. இடம், வலம் என்று துண்டு கட்டுங்கோ. கழட்டினதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடமுதல் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டுங்கோ. அந்த லேத்துக்காரர் ஆர் என்று நாங்கள் விசாரித்தோம். ஐயாவுக்குப் பட்டறை இருந்த சந்தி ஞாபகம் இருந்தது, பெயர் ஞாபகம் இல்லை. அஞ்சு வருசம் முந்திக் கேட்டிருந்தால் அம்மப்பா சொல்லியிருப்பார்.

அந்த ட்றனியன் இப்போது ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது. துண்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "இடம், கீழ். தடைக்காலத்தில் இங்கே கடைந்தது. செய்தவர் பெயர் தெரியாது."