பிக்கப் வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள்



சென்ற இதழில் பேட்டரியைப் பற்றிப் பார்த்தோம். இம்முறை வண்டிக்குக் கீழே குனிந்து பார்ப்போம்.

தோட்டத்திலும் தோட்டத்தையொட்டிய கம்பங்களிலும் 1980களிலும் 1990களிலும் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பழைய பிக்கப்புகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உர மூட்டை, கட்டிப்பால், செம்பனைக் குலை, காய்கறி என்று எதை ஏற்றினாலும் முகம் சுளிக்காமல் இழுக்கும். மாலையில் அதே வண்டிதான் பிள்ளைகளை டியூஷனுக்கும் பாட்டியை மருத்துவமனைக்கும் கொண்டு போகிறது.

இந்த வண்டிகளுக்கு எஞ்சின் சீக்கிரம் சாவதில்லை. எண்ணெய் மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து வந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். கெட்டுப்போனாலும் சத்தம் போட்டு, புகை விட்டு நம்மிடம் சொல்லிவிடும். சத்தம் போடாமல் சாவது வண்டியின் அடிவயிறுதான். சேசிஸ் சட்டமும், அதன் ஓரமாக ஓடும் மெல்லிய பிரேக் குழாய்களும் துருவேறிக் கரைவதை ஓட்டுபவர் அறியமாட்டார். அறியும் நாள், பெரும்பாலும் இறக்கத்தில் பிரேக் மிதி தரைவரை போகும் நாளாக இருக்கும்.

துரு எங்கிருந்து வருகிறது?

மழை மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். நாம் ஏற்றும் சுமையே முதல் எதிரி. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். அம்மோனியம் சல்பேட் உரமும் நனைந்தால் புளிப்பேறி அதே வேலையைச் செய்யும். கட்டிப்பால் ஏற்றுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. பாலை உறையவைக்க ஊற்றும் பார்மிக் அமிலம் கட்டியிலிருந்து வடியும் நீரில் கலந்து, பின்தொட்டியின் இடுக்குகள் வழியாகச் சேசிஸில் சொட்டும். அதன்மேல் செம்மண் சாலையின் சேறு அப்பிக்கொண்டால், ஈரம் காயவே காயாது.

கழுவும் முறை

உரம் ஏற்றிய அன்றே வண்டியைக் கழுவ வேண்டும். நாளை என்று தள்ளிப்போட வேண்டாம். முதலில் காய்ந்த துடைப்பத்தால் பின்தொட்டியைக் கூட்டி, சிந்திய உரத்தை அள்ளிவிடுங்கள். கூட்டாமல் தண்ணீர் ஊற்றினால் உரம் கரைந்து, போகாத இடுக்கிலெல்லாம் போய்ச் சேரும். கீழே ரப்பர் விரிப்போ பலகையோ போட்டிருந்தால் அதையும் தூக்கிக் கழுவுங்கள். தொட்டியின் மூலைகளில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் உண்டு. இலையும் மண்ணும் அடைத்திருந்தால் குச்சியால் குத்தி எடுங்கள்.

பிறகு குழாயைத் தாராளமாகத் திறந்து அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். சக்கர வளைவுகளின் உட்புறம், அடுக்கு ஸ்பிரிங் பட்டைகளின் இடை, சேசிஸ் சட்டத்தின் உட்கூடு ஆகிய மூன்றும் முக்கியம். சட்டத்தில் உள்ள ஓட்டைகளில் தண்ணீரைப் பாய்ச்சினால் உள்ளே தங்கிய சேறு கரைந்து வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாதீர்கள். சூடான எஞ்சின்மீது மட்டும் தண்ணீர் அடிக்க வேண்டாம். கழுவி முடித்ததும் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை இலேசாக மிதித்து உலர்த்திவிடுங்கள்.

துரு பிடிக்காமலிருக்கக் கழிவு எஞ்சின் எண்ணெயை அடியில் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், தோலுக்கும் தீங்கு, மழையில் கரைந்து கால்வாய்க்கும் போகும். அந்த எண்ணெயைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கீழே போகுமுன்

ஜேக் வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பி உடம்பைக் கீழே நுழைப்பது உயிரோடு விளையாடுவது. சமதரையில், கெட்டியான தரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேசிஸுக்கு அடியில் இரும்புத் தாங்கிகள் இரண்டு கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் திடீரென்று நொறுங்கும்; அவற்றை ஒருபோதும் முட்டுக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் அருகில் வராமல் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எதைப் பார்ப்பது?

சிறிய சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், பொருக்கு உதிரும். அடுத்து டார்ச் விளக்குடன் பிரேக் குழாயை முன்னிருந்து பின்வரை விரலால் தடவுங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில்தான் சேறு தங்கித் துரு முதலில் தொடங்கும். குழாய் சொரசொரத்து உப்பியிருந்தாலோ, சக்கரங்களின் உட்புறம் ஈரக்கசிவு தெரிந்தாலோ அந்த வண்டியில் சுமை ஏற்றாதீர்கள்.

மிதியையும் சோதியுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை உறுதியாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் பம்ப் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடலாம். பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் வரும்போது அது கொதித்துக் குமிழி கட்டினால் மிதி பஞ்சாகிவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. எஞ்சின் எண்ணெயைத் தவறியும் அந்தக் குப்பியில் ஊற்றாதீர்கள். ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

எது நம் வேலை, எது பட்டறை வேலை?

மேல்துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் பூசி, காய்ந்தபின் சாயம் அடிப்பது நாம் வீட்டிலேயே செய்யக்கூடியது. ஓட்டை விழுந்த சேசிஸுக்கு வெல்டிங் செய்வதும், பிரேக் குழாய் மாற்றுவதும் தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. துருப்பிடித்த துண்டை வெட்டிவிட்டு ரப்பர் குழாயும் கிளிப்பும் போட்டு ஒட்டவைக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். டயரில் இருக்கும் காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் அந்தக் குழாயில் இருக்கிறது. முழுக் குழாயையும் புதிதாகப் போடுவதே சரி.

ஒருவேளை ஓடும்போது பிரேக் பிடிக்கவில்லை என்றால் பதறி எஞ்சினை அணைக்காதீர்கள். மிதியைப் பலமுறை விரைந்து அழுத்துங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "உரம் ஏற்றினீர்களே, வண்டியைக் கழுவியாயிற்றா?" என்று வீட்டில் கேளுங்கள். சாப்பாடு பரிமாறுமுன் கேட்டால் இன்னும் நல்லது! அரைமணி நேரமும் கொஞ்சம் தண்ணீரும்தான் செலவு. காப்பாற்றப்படுவது வண்டி மட்டுமல்ல, அதில் ஏறி வரும் நம் பிள்ளைகளும்தான்.

அடுத்த இதழில் டயரைப் பற்றிப் பேசுவோம். வணக்கம்.