புருவத்தையும் விடாத லாப வேட்டை

"நம் பத்திரிகையில் புருவத்தைப் பற்றியா? பஞ்சப்படி பாக்கி கிடக்கிறது, கூலி உயர்வு கிடக்கிறது. பெண்களின் சிங்காரத்தைப் பற்றி எழுத இங்கே இடம் ஏது?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். கேட்கட்டும். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

பஞ்சாலையில் நாம் நூற்ற நூலை முறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தெருமுனை அழகு நிலையத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் புருவத்தைத் திருத்துகிறாள். சில நிமிஷ வேலை. காசும் கொஞ்சம். சில வாரங்களில் ரோமம் திரும்ப முளைக்கும். பிடித்தால் மறுபடி திருத்தலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். இதில் பெரிய முதலுக்கு வேலையில்லை. பெரிய லாபமும் இல்லை.

லாபம் இல்லாத இடத்தைப் பண மூட்டைகள் சும்மா விடுமா? "நிரந்தரம்" என்ற ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "ஒளிக்கதிர் பாய்ச்சுகிறோம்; ஆயுளுக்கும் ரோமம் முளைக்காது; முழுத் தொகை இல்லையா, தவணையில் கட்டலாம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணும், ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண்ணும், "ஒரு மாதச் சம்பளம் போனாலும் போகட்டும், அடிக்கடி செலவழிக்க வேண்டியதில்லையே" என்று நம்பிப் போகிறார்கள்.

இந்த "நிரந்தரம்" என்ற சொல்லுக்கு நூறு வருஷச் சரித்திரம் உண்டு. அது ரத்தமும் சீழும் படிந்த சரித்திரம். அதை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணைக் காக்கப் பிறந்த வைத்தியம்

ரோமத்தை வேரோடு அழிக்கும் முறை அழகுக்காகப் பிறக்கவில்லை. இமை ரோமம் உள்பக்கமாக வளர்ந்து கண்மணியை உரசி உரசிப் புண்ணாக்கும் நோய் ஒன்று உண்டு. பிடுங்கினால் மறுபடி முளைக்கும், மறுபடி உரசும். அமெரிக்காவில் செயிண்ட் லூயி நகரத்துக் கண் டாக்டர் சார்லஸ் மைக்கேல், 1875-இல், ரோமத்தின் வேரில் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் பாய்ச்சி அந்த வேரை அழிக்கும் முறையை வெளியிட்டார். நோயாளியின் கண்ணைக் காப்பாற்ற எழுந்த விஞ்ஞானம் அது. அதற்கு நாம் தலை வணங்குகிறோம்.

ஆனால் அந்த முறையில் ஒவ்வொரு ரோமமாகத்தான் அழிக்க முடியும். நேரம் பிடிக்கும், கைத்திறமை வேண்டும். வியாபாரிக்குப் பொறுமை ஏது? ஒரே வீச்சில் ரோமம் உதிர வேண்டும், அடுத்த ஆள் வந்து உட்கார வேண்டும். அதற்கு அவன் கண்டுபிடித்த கருவிதான் எக்ஸ்ரே.

தொழிலாளி செத்தான், வியாபாரி கண்ணை மூடிக்கொண்டான்

1895-இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருஷமே வியன்னா நகரத்து டாக்டர் லியோபோல்ட் ஃபிராய்ண்ட், ஒரு சிறுமியின் முதுகில் ரோமம் அடர்ந்த மச்சத்தின் மீது அதைப் பாய்ச்சினார். ரோமம் உதிர்ந்தது. பின்னால் அதே இடத்தில் புண் வந்தது. எச்சரிக்கை முதல் வருஷத்திலேயே கிடைத்துவிட்டது!

அடுத்த எச்சரிக்கை ஒரு தொழிலாளியின் உயிரைக் கொண்டு எழுதப்பட்டது. விஞ்ஞானி எடிசனின் ஆராய்ச்சிச் சாலையில் கிளாரன்ஸ் டேலி என்ற கண்ணாடி ஊதும் தொழிலாளி இருந்தார். எக்ஸ்ரே குழாய்களைத் தன் கையை நீட்டியே சோதித்துப் பார்த்தார். கை வெந்தது, புண்ணாயிற்று, புற்றுநோயாயிற்று. இரண்டு கைகளையும் வெட்டி எடுத்தார்கள். அப்படியும் பிழைக்கவில்லை. 1904-இல், 39 வயதில், மாண்டார். எடிசனே அஞ்சி எக்ஸ்ரே ஆராய்ச்சியைக் கைவிட்டார்.

அதற்கு இருபது வருஷம் கழித்து நடந்ததைப் பாருங்கள்!

1920-களின் நடுவில் நியூயார்க்கில் டாக்டர் ஆல்பர்ட் கெய்சர் என்பவர் "டிரைக்கோ" என்ற யந்திரத்தைக் கிளப்பினார். பார்ப்பதற்கு மரப் பெட்டி; உள்ளே எக்ஸ்ரே. அமெரிக்க நகரங்களின் அழகு நிலையங்களில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இயக்கியவர்கள் டாக்டர்கள் அல்லர். சொற்பப் பயிற்சி பெற்ற சிப்பந்திகள். மேலுதட்டிலும் தாடையிலும் கன்னத்திலும் ரோமம் வளர்ந்ததால் ஊரார் பேச்சுக்கு அஞ்சிய பெண்கள் பெட்டிக்கு முன்னால் முகத்தை வைத்து உட்கார்ந்தார்கள். வலி இல்லை. ரோமம் உதிர்ந்தது. "விஞ்ஞானத்தின் வெற்றி!" என்றார்கள். பெண்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்.

சில வருஷங்களில் தோல் சுருங்கிற்று. வெள்ளைத் திட்டும் சிவப்பு நரம்பும் படர்ந்தன. ஆறாத புண் வந்தது. பலருக்கு அது புற்றுநோயாக முற்றியது. 1929-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகை இந்த யந்திரத்தைக் கண்டித்து எழுதியது. 1930-இல் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. கம்பெனி சாத்தியது கதவை மட்டுமே. அந்தப் பெண்களின் முகத்தில் வந்த புண்ணை யார் சாத்துவது? நியூயார்க்கில் கதிர்வீச்சால் தோல் புற்றுநோய் வந்தவர்களை ஆராய்ந்து டாக்டர்கள் 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது ரோமம் நீக்கப் பாய்ச்சிய எக்ஸ்ரேயால்தான்! லாபம் எடுத்தவன் போய் 40 வருஷம் ஆயிற்று, நோய் போகவில்லை. ஆம், அவன் வாக்குத் தவறவில்லை. நிரந்தரமாகத்தான் கொடுத்தான்!

எலி விஷமும் புருவ மையும்

எக்ஸ்ரே கடை மூடிய கையோடு களிம்புக் கடை திறந்தது. "கோரெம்லு" என்ற களிம்பு 1930 வாக்கில் அமெரிக்கக் கடைகளில் 10 டாலர் விலைக்கு வந்தது. தடவினால் ரோமம் ஒழியும் என்றார்கள். அதில் இருந்தது தாலியம். எலியைக் கொல்ல வைத்த விஷம் அது! எலிக்கு வைப்பதைப் பெண்ணின் உதட்டுக்கு மேல் தடவச் சொன்னான் வியாபாரி. தடவியவர்களுக்குத் தலைமயிர் கொட்டியது. கால் விளங்காமல் போயிற்று. கண் பார்வை கெட்டது. வழக்கு மேல் வழக்கு வந்ததும் 1932-இல் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்துவிட்டது. கை கால் இழந்தவர்கள் யாரிடம் போய் நஷ்ட ஈடு வாங்குவது?

1933-இல் புருவத்திற்கே நேராக வந்தார்கள். "லாஷ் லூர்" என்ற சாயம், புருவத்தையும் இமை ரோமத்தையும் கறுப்பாக்க. அதில் இருந்தது பாராஃபினிலின் டையமின் என்னும் ரசாயனம். பூசிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு இரண்டு கண்ணும் அவிந்தன. இன்னொரு பெண் செத்தே போனாள். அமெரிக்க சர்க்காரின் உணவு, மருந்து இலாகா என்ன செய்தது? கண்ணவிந்த பெண்ணின் படத்தைக் கண்காட்சியில் மாட்டிவைத்தது. சரக்கைக் கடையிலிருந்து எடுக்க அதற்கு அதிகாரம் இல்லை! 1906-இல் போட்ட சட்டத்தில் அழகுச் சாமான் என்ற பேச்சே கிடையாது.

புதுச் சட்டத்துக்கான மசோதா 1933-இல் வந்தது. ஐந்து வருஷம் அதைக் கிடப்பில் போட்டார்கள். மருந்துக் கம்பெனிகளும் அழகுச் சாமான் கம்பெனிகளும் எதிர்த்தன. அவர்களுடைய விளம்பரக் காசில் வாழ்ந்த பத்திரிகைகள் பலவும் வாயைத் திறக்கவில்லை. 1937-இல் ஒரு விஷ மருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்களில் பலர் குழந்தைகள். அதன் பிறகே 1938-இல் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் பறிமுதலான சரக்கு இந்தப் புருவச் சாயமே.

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று நினைக்காதீர்கள். பெட்டிக் கடையில் முடிச்சாயப் பொட்டலம் ஒன்றை வாங்கிப் பாருங்கள். அதே ரசாயனம் கலந்த சாயத்தின் மேல், "புருவத்துக்கும் இமைக்கும் பூசக் கூடாது, குருடாகலாம்" என்ற எச்சரிக்கையை வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்ட விதி. எறும்பு ஊர்வது போன்ற அந்தச் சிறு எழுத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள். கண்ணைக் கொடுத்தார்கள், உயிரைக் கொடுத்தார்கள்.

இன்றைய கதிர்

இன்று வந்திருப்பது லேசர். நேர்மையாகப் பேசுவோம்: லேசர் எக்ஸ்ரே அல்ல. அந்தப் புற்றுநோயைக் காட்டிப் பயமுறுத்துவது நம் நோக்கமல்ல. தேர்ந்த தோல் டாக்டரின் கையில் அது பயனுள்ள கருவி. ஹார்மோன் கோளாறால் முகத்தில் ரோமம் வளர்ந்து மனம் நொந்த பெண்களுக்கு அது ஆறுதல் தருகிறது.

ஆனால் வியாபாரி சொல்லாமல் மறைப்பவை சில உண்டு.

லேசர் ஒளி ரோமத்தின் கறுப்பு நிறத்தைத் தேடிச் சூடாக்கி வேரைச் சுடுகிறது. நம் தோலிலும் அதே கறுப்புப் பொருள் இருக்கிறது. வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவையே நம் கறுத்த தோலுக்கும் வைத்தால் தோல் வெந்து தழும்பாகும். நம் தோலுக்கு ஏற்ற லேசர் வகை உண்டு, அளவு உண்டு. அதைத் தேர்ந்தெடுக்கப் படிப்பு வேண்டும்.

புருவத்தில் அபாயம் இன்னும் அதிகம். கண்மணியைச் சுற்றிய கருவட்டத்திலும் அதே கறுப்புப் பொருள் இருக்கிறது. இமையோ மெல்லிய தோல். கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்பது பொய். மூடிய இமைக்குள்ளும் ஒளி புகுந்து கண் கெட்ட நிகழ்ச்சிகள் மருத்துவப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கின்றன. கருவட்டம் வீங்கிச் சிதைந்திருக்கிறது, பார்வை மங்கியிருக்கிறது. ஆகவே புருவ எலும்புக்குக் கீழே, கண் குழிப் பக்கம், லேசரைக் கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள் நிபுணர்கள்.

"நிரந்தரம்" என்ற வார்த்தையாவது உண்மையா? அமெரிக்க சர்க்காரின் அந்த இலாகாவே, லேசரை "நிரந்தரமாகக் குறைப்பது" என்றுதான் சொல்ல அனுமதிக்கிறது. "நிரந்தரமாக நீக்குவது" என்று சொல்ல அனுமதிப்பதில்லை. நீக்குவது என்று அது ஏற்றுக்கொண்டது 1875-இன் பழைய ஊசி முறையை. ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு, உள்நோயைப் பார்க்காவிட்டால், லேசருக்குப் பிறகும் புது ரோமம் முளைக்கும். மறுபடியும் தவணை!

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 1920-களிலும் 30-களிலும் சினிமாக்காரிகளுக்குக் கோடு கிழித்த மாதிரி மெல்லிய புருவம். பிறகு அடர்ந்த புருவம் வந்தது. 1990-களில் மறுபடி மெலிந்தது. 2010-களில் மறுபடி அடர்ந்தது. மெலிந்த காலத்தில் பிடுங்கிப் பிடுங்கி, முளைக்காமலே போனவர்கள் உண்டு. அவர்களுக்கு இன்று புருவத்தைப் பச்சை குத்துகிறார்கள். தலைமயிரை எடுத்துப் புருவத்தில் நடுகிறார்கள். பிடுங்க ஒரு காசு, நட ஒரு காசு! நம் விவசாயத் தொழிலாளிக்குக் களை எடுத்தாலும் நாற்று நட்டாலும் அரை வயிற்றுக் கூலி. இவர்களுக்கோ ஒரே முகத்தில் இரண்டு போகம் விளைச்சல்!

பெண்களின் பகட்டா?

"எல்லாம் பெண்களின் பகட்டால் வந்த வினை" என்று சொல்லும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். கடையில் விற்பனைப் பெண்ணை வேலைக்கு எடுக்கும்போது முகத்தைப் பார்ப்பது யார்? "லட்சணமாக வா" என்று கட்டளை போடுவது யார்? நிற்கும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. கால் வீங்கியதைக் கண்டுகொள்ளாத முதலாளிக்குப் புருவத்தின் வளைவு மட்டும் கண்ணில் படுகிறது! பெண் பார்க்க வருகிறவன் முகத்தில் ஒரு ரோமம் கண்டால் சீதனத்தில் ஒரு பவுன் ஏற்றுகிறான். அவன் யார்? நம் வீட்டுப் பிள்ளையும்தானே? நாம் வாய் மூடியிருந்தோமே, அந்தக் குற்றம் நம்முடையதில்லையா?

தன் முகம் தனக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும் என்று உழைக்கும் பெண் விரும்பினால் அது அவள் உரிமை. அதில் தலையிட நமக்கு அதிகாரமில்லை. அவள் ஆசையைக் காட்டி அவள் கண்ணைப் பணயம் வைக்கிறவனையே நாம் எதிர்க்கிறோம்.

அழகு நிலையத்தில் அந்தக் கருவியைப் பிடித்திருக்கும் பெண்ணையும் மறந்துவிடாதீர்கள். அவளும் கூலிக்காரி. கண்ணாடி இல்லாமல் கருவியைப் பிடித்தால் சிதறும் ஒளி அவள் கண்ணையும் கெடுக்கும். டேலி கையை நீட்டினார். இவள் கண்ணை நீட்டுகிறாள்.

நாம் கேட்பது என்ன?

பயிற்சி பெற்ற டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் முகத்தில் லேசர் பாய்ச்சுவதைத் தடை செய்ய வேண்டும். புருவத்தருகே பாய்ச்சும்போது கண்ணுக்கு உரிய உலோகக் கவசமும், கருவி பிடிப்பவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயமாக்க வேண்டும்.

செலவு எவ்வளவு, எத்தனை முறை, என்ன அபாயம் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், எழுதிக் கொடுத்த பிறகே பணம் வாங்க வேண்டும். "ஆயுளுக்கும் முளைக்காது" என்று லேசருக்கு விளம்பரம் செய்பவர்கள் மீது வழக்குத் தொடர வேண்டும்.

ஹார்மோன் கோளாறால் ரோமம் வளரும் பெண்களுக்கு ஜில்லா சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியம் வேண்டும். அழகு நிலையத் தொழிலாளிகளுக்குச் சர்க்கார் செலவில் பயிற்சியும், காயம் பட்டால் நஷ்ட ஈடும் வேண்டும்.

சங்கத் தோழர்களே! ஆலை வாசலிலும் நடவு வயலிலும் இதைப் படித்துக் காட்டுங்கள். கண் எரிச்சலோ முகப் புண்ணோ வந்த சகோதரி வெட்கப்பட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தால், மாதர் சங்கத் தோழியர் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்; ரசீதை வாங்கி வைக்கட்டும்; புகார் எழுதித் தரட்டும். அமெரிக்காவில் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகத் தனியே அழுதார்கள். ஆகவேதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தப்பித்தன.

வேரோடு அகற்ற வேண்டியது ஒன்று உண்டுதான், தோழர்களே! அது நம் பெண்களின் புருவத்தில் இல்லை. மனித முகத்தையும் சந்தைச் சரக்காக்கும் லாப முறையில் இருக்கிறது. அதை நிரந்தரமாக நீக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.