பெட்டியில் அந்த எண்ணையும் அச்சிடுங்கள்

தென்காசியில் 18 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் இ-சேவை மையம் நடத்தும் ஓர் அக்கா இரண்டு வைஃபை அடாப்டர்களோடு வந்தார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறத்தில் பெட்டி. பழையது ஓடுகிறது. புதியதற்கு அதே டிரைவரைப் போட்டும் நெட் வரவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?" என்றார்.

ஒன்றல்ல. டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, உள்ளே இருக்கும் சிப்பே வேறு.

யுஎஸ்பி கருவியைச் செருகியதும் கம்ப்யூட்டர் தேடுவது பெட்டியில் உள்ள பெயரை அல்ல. கருவி இரண்டு எண்களைச் சொல்கிறது: தயாரித்தவர் எண், பொருள் எண். ஒவ்வொன்றும் நான்கு இலக்கம். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் வரலாம். முதல் எண்ணை யுஎஸ்பி அமைப்பு கம்பெனிக்கு ஒதுக்குகிறது. இரண்டாவதைக் கம்பெனியே வைத்துக்கொள்கிறது. விண்டோஸோ லினக்ஸோ, எந்த டிரைவரின் பட்டியலில் இந்த ஜோடி இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். பென் டிரைவும் கீபோர்டும் எங்கே செருகினாலும் ஓடுவது, அவை தங்கள் வகை எண்ணையும் சொல்வதால்; அந்த வகைக்கெல்லாம் பொது டிரைவர் ஒன்று போதும். வைஃபை அடாப்டருக்கு அந்த வசதி இல்லை.

பிசிஐ கார்டுகளிலும் இதே முறைதான். அங்கே இன்டெலின் எண் 8086. 1978-ல் அவர்கள் வெளியிட்ட சிப்பின் பெயரே அது. முதன்முதலில் அதைத் திரையில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கருவி சொல்லும் இந்த எண்கள் எவ்வளவு முக்கியம் என்பது 2014 அக்டோபரில் உலகத்துக்கே தெரிந்தது. யுஎஸ்பி சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புதிய விண்டோஸ் டிரைவர், தன் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்த போலி சிப்களின் பொருள் எண்ணைப் பூஜ்ஜியமாக்கியது. அதன்பின் அவற்றுக்கு டிரைவர் அமையவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன் குற்றவாளிதான். ஆனால் தெரியாமல் வாங்கியவரைத் தண்டித்தது பெரும் தவறு.

சிப்பை மாற்றும் உரிமை கம்பெனிக்கு உண்டு. மாற்றியதை வாங்குபவரிடம் சொல்லும் கடமையும் உண்டு. பெட்டியின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் 'வி2' என்று போடுவது சொன்னதாகாது. விலையும் தயாரிப்பாளர் முகவரியும் அச்சிட வேண்டும் என்று நம் சட்டம் கேட்கிறது. கருவியின் இரண்டு எண்களுக்கான எட்டு எழுத்துகளையும் கேட்கட்டும்.

அக்காவின் அடாப்டருக்குச் சரியான டிரைவர் கிடைத்துவிட்டது. அதற்குள் அவருக்கு ஒரு நாள் வருமானம் போய்விட்டது. வாசகர்களே, மாடல் பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் கருவியின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் போய், ஹார்டுவேர் ஐடீஸைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தேடுங்கள்.